வாடகைப் பாட்டா, சொந்தப் பாட்டா: சித்தப்பாவுக்காகப் போட்ட கணக்கு

சித்தப்பா ரயில்வேயில் குட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாயவரத்தில் அவர் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 112. கூடத்து அலமாரியின் இரண்டு தட்டுகளில் சிடிக்கள், 180. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது சிடி பிளேயர் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டது, சற்று நேரம் முனகியது, பிறகு சோறு பிடிக்காத குழந்தையைப் போல வெளியே தள்ளிவிட்டது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், லென்ஸ் போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி லென்ஸ் வராது என்று கையை விரித்துவிட்டார்.

"மாதாமாதம் பணம் கட்டிக் கேட்கிறார்களே, அதைப் போட்டுவிடலாமா? இல்லை, ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா? எதுவானாலும் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் பாட்டுக்குச் செலவழிப்பதாக இல்லை" என்றார் சித்தப்பா.

கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதலில் நான்கு வழிகள் கண்ணில் பட்டன: ஸ்ட்ரீமிங் சந்தா (மாதாமாதம் பணம் கட்டி இணையத்தில் கேட்பது), பாட்டை விலைக்கு வாங்கிக் கோப்பாக வைத்துக்கொள்வது, இருக்கிற சிடிக்களைக் கணினியில் ஏற்றுவது, பாட்டு நிரப்பியே விற்கும் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுப்பது. இவற்றை ஒப்பிட்டு முடித்த பிறகுதான், பாட்டைவிடப் பாட்டைப் பாட வைக்கும் மென்பொருள் யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி என்று உறைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கும் அது கடைசியில்தான் தெரிந்தது.

சந்தா

சந்தாவைத் திட்டித் தொடங்குவது எளிது. நான் திட்டப் போவதில்லை. ஸ்பாட்டிஃபை என்ற ஸ்ட்ரீமிங் சேவை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய். அதன் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன. கணக்குக்காக மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,800; சித்தப்பாவின் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் காசுக்கு ஒருவர் ஆயுள் முழுவதும் கேட்டாலும் தீராத அளவு பாட்டு கிடைக்கிறது. இதுவரை கேட்டிராத ஒருவரின் தோடியைச் சும்மா ஒரு முறை கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஆனால் அங்கே 'பதிவிறக்கம்' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாடல்கள் வரை இறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புகளை அந்தச் செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காது. 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறக்கியவை பாடாது. சந்தா நின்றால் இறக்கியதும் நிற்கும். வாடகை வீட்டில் பூந்தொட்டி வைப்பதுபோலத்தான் இது. தொட்டி நம்முடையது என்று நினைத்துக்கொள்ளலாம், மாடி நம்முடையது இல்லை.

வாடகை வீட்டிலாவது குடியிருக்கும்போதே ஓர் அறையை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். 2019 ஏப்ரலில் சரிகம நிறுவனத்துக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் தகராறு வந்து வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. சரிகமவின் பாடல்கள் அந்தச் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. 2020-இல் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்பின. சரிகம என்றால் பழைய எச்.எம்.வி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் இசைத்தட்டுகளும் ஐம்பது அறுபதுகளின் திரைப்பாடல்களில் பெரும்பங்கும் அந்தக் களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. சித்தப்பாவைப் போன்ற ஒருவருக்கு அந்த ஓராண்டு சந்தா எதற்கு உதவியிருக்கும்? 2024 மார்ச்சில் இதே கதை ஜீ மியூசிக்கோடு நடந்தது. இரு நிறுவனங்கள் மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போது, காசு கட்டிய நாம் வாசலில் நிற்கிறோம்.

கடையே மூடிப்போவது இன்னொரு வகை. கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் போனது. ரெஸ்ஸோ இந்தியாவில் 2024 ஜனவரியோடு நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் செய்தி வந்தது. இங்கெல்லாம் பாட்டு அழிந்துவிடவில்லை. அடுத்த கடையிலும் அதே பாட்டு இருக்கிறது. போவது நாம் சேர்த்த பட்டியல். எண்பதுகளில் கேசட் பதிவுக் கடைக்கு வெற்றுக் கேசட்டோடு ஒரு நோட்டுத் தாளில் பதினான்கு பாட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், பட்டியல் போடுவதும் ஒரு வேலைதான். (அந்தக் கடைகள் சட்டப்படி நடந்தவை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனாலும் நாம் எழுதிய தாள் கேசட் பெட்டிக்குள் மடித்து நம்மிடமே திரும்பி வந்தது.)

கலைஞருக்கு எவ்வளவு போகிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பங்கு கணக்கிடுவதில்லை. சபாக்களின் சிறிய பாடகர்கள் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இவ்வளவு சொன்னாலும் சந்தா நேர்மையான வாடகைதான். வாடகை என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அடுத்த வகையில்.

வாங்கியும் கைக்கு வராத பாட்டு

2007 வாக்கில் நான் ஒரு கைபேசி வாங்கினேன். கூடவே அந்தக் கைபேசிக்கென்று இருந்த பாட்டுக் கடையில் நாற்பது பாட்டுகளை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து இறக்கினேன். ஒன்றரை ஆண்டில் கைபேசி மழையில் நனைந்து செத்தது. மெமரி கார்டைப் பத்திரமாகக் கழற்றிப் புதிய கைபேசியில் போட்டேன். நாற்பது பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. எதைத் தொட்டாலும் உரிமம் இல்லை என்றது. பில் இருந்தது, பாட்டு இருந்தது, கார்டு இருந்தது, காசும் போயிருந்தது. அந்தக் கடைக்கு இரண்டு கடிதம் போட்டேன். புதிதாக வாங்குவோருக்குத் தள்ளுபடி உண்டு என்று பதில் வந்தது.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஆப்பிளின் ஐடியூன்ஸ் பாட்டுக் கடை 2003 ஏப்ரல் 28 அன்று திறந்தது, பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட். அனுமதித்த கருவிகளில் மட்டும் பாட விடும் ஃபேர்பிளே என்ற மென்பொருள் பூட்டு ஒவ்வொரு கோப்பிலும் இருந்தது. முதலில் மூன்று கணினிகளில் கேட்கலாம், பிறகு ஐந்தாக்கினார்கள். சிடியில் எழுதிக்கொள்ள மட்டும் விட்டார்கள்; எழுதிய சிடியைத் திரும்பக் கணினியில் ஏற்றினால் பூட்டுக் கழன்றுவிடும். ஒலித்தரம் கொஞ்சம் குறையும். அந்த ஓட்டையைத் தெரிந்தேதான் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் ஜனங்கள் அவ்வளவு பொறுத்துப் போயிருக்க மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் இன்னும் வேடிக்கை. 2004-இல் 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள். நிச்சயம் பாடும் என்று பொருள். பல நிறுவனங்களின் கருவிகளும் கடைகளும் அதை நம்பி வந்தன. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டே சூன் என்று தன் சொந்தப் பாட்டுக் கருவியை வெளியிட்டது. நிச்சயம் பாடும் பாட்டுகள் அதில் நிச்சயமாகப் பாடவில்லை. 2008 ஏப்ரலில், எம்எஸ்என் மியூசிக் என்ற தங்கள் கடையில் வாங்கிய பாட்டுகளுக்கு ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினியில் அனுமதி தர மாட்டோம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். கூச்சல் எழுந்ததும் 2011 இறுதி வரை நீட்டித்தார்கள். அதே 2008 ஜூலையில் யாகூவும் செப்டம்பர் 30-ஓடு பாட்டுகளைத் திறக்க அனுமதி தரும் தன் உரிமச் சேவையகத்தை (சர்வரை) நிறுத்தப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வந்த பிறகு ஈடு தர ஒப்புக்கொண்டது.

கவனித்தால் ஒன்று புரியும். இவற்றில் எந்தக் கடையும் பாட்டைப் பறிக்கவில்லை. கோப்பு வாங்கியவரின் கணினியிலேயே இருந்தது. சாவி எங்கோ ஓர் ஊரில் ஒரு சேவையகத்தில் இருந்தது, அந்தச் சேவையகத்துக்கு மின்கட்டணம் கட்டுவது இனி லாபமில்லை என்று யாரோ முடிவு செய்தார்கள். அவ்வளவுதான்.

2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். அதில் இருந்த வாதம் எளிமையானது: முந்தைய ஆண்டு இணையத்தில் பூட்டோடு விற்றவை 200 கோடிப் பாட்டுகளுக்கும் குறைவு, சிடியில் பூட்டே இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல், பிறகு எதற்கு இந்தப் பூட்டு? அந்த ஏப்ரலில் ஈஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனம் முதலில் இறங்கிவந்தது. 2009 ஜனவரியில் நான்கு பெரிய நிறுவனங்களும் ஐடியூன்ஸில் பூட்டை எடுக்கச் சம்மதித்தன. நுகர்வோர் ஜெயித்த அபூர்வமான சண்டைகளில் ஒன்று அது. ஜெயித்து ஐந்தாறு ஆண்டுகளிலேயே எல்லாரும் விலைக்கு வாங்குவதை விட்டுச் சந்தாவுக்குப் போய்விட்டார்கள், சந்தாவோடு பூட்டும் திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அந்த நாளில் நம் ஊரில் காலர் ட்யூன் என்று ஒன்று இருந்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நமக்கே கேட்காத பாட்டுக்கு மாதம் 30 ரூபாய் வாடகை கொடுத்தோம். நம்மைக் கூப்பிடுகிறவர்கள் கேட்டார்கள். நம்மை எதற்கும் பழக்கிவிடலாம்.

பூட்டில்லாமல் வாங்கினால்

ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதில் வாங்கும் பாட்டுக்குப் பூட்டில்லை. 256 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் ஏஏசி என்ற வகைக் கோப்பு, ஏறத்தாழ எந்தக் கருவியிலும் பாடும். பேண்ட்கேம்ப் என்ற இணையப் பாட்டுக் கடை 2008-இல் தொடங்கியது. எம்பி3 வேண்டுமா, ஒலி சிறிதும் இழக்காத ஃப்ளாக் வேண்டுமா என்று கேட்டுக் கொடுக்கும். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் தனக்கு எடுத்துக்கொண்டு, கட்டணச் செலவு போக மீதியைக் கலைஞரிடம் சேர்க்கிறது. சுயாதீனக் கலைஞர்களின் பாட்டை வாங்க எனக்குப் பிடித்த இடம் அதுதான். சித்தப்பாவுக்குப் பிடித்த தமிழ்த் திரைப்பாட்டும் கச்சேரியும் அங்கே தேடினால் அதிகம் தேறாது. இந்த வழியின் பெரிய குறை அதுதான்: விலையைவிடச் சரக்கு இல்லாததே தடை. பேண்ட்கேம்பே 2022-இல் ஒரு கைக்கும் 2023-இல் இன்னொரு கைக்கும் மாறியது. இரண்டாவது முறை ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். நாளை அந்தக் கடையே இல்லாமல் போனாலும் நான் இறக்கி வைத்த ஃப்ளாக் கோப்பு யாரையும் கேட்காமல் பாடும்.

இதிலும் முழுச் சொந்தம் கிடையாது. பழைய கேசட்டை மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்குத் தள்ளிவிட முடிந்தது. கோப்பை அப்படி விற்க முடியாது. ரீடிஜி என்ற அமெரிக்க நிறுவனம், ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டைப் பழைய பொருளாக மறுவிற்பனை செய்ய ஒரு சந்தை நடத்திப் பார்த்தது. கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் வழக்குப் போட்டது. 2013-இல் கீழ் நீதிமன்றமும் 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கோப்பை மாற்றிக் கொடுப்பதே புதுப் பிரதி எடுப்பதுதான் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டன. கலிபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது: திரும்பப் பறிக்கக்கூடிய உரிமத்தை விற்கும் டிஜிட்டல் கடை, அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானைப் போடக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடிகிற கோப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. என் நாற்பது பாட்டுக்குப் பதினேழு ஆண்டு கழித்துப் பதில் வந்ததுபோல இருந்தது.

அலமாரியில் ஏற்கெனவே இருப்பது

சிடியில் பூட்டில்லை. 1982-இல் விற்பனைக்கு வந்தபோது வீட்டில் யாரும் அதைப் படியெடுக்க முடியும் என்று எவரும் நினைக்கவில்லை. அதனால் பூட்டுப் போட மறந்துவிட்டார்கள். அந்த மறதியின் பலனை இன்று வரை அனுபவிக்கிறோம். ஒரு மணி நேரச் சிடி ஏறத்தாழ 635 எம்பி. ஃப்ளாக்காக மாற்றினால் அதில் பாதிக்குச் சற்று மேல் வரும். சித்தப்பாவின் 180 சிடிக்களும் 70 ஜிபிக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். நகத்தளவு மெமரி கார்டு ஒன்று போதும்.

பிறகு பூட்டுப் போட முயன்றவர்களும் உண்டு. 2005-இல் சோனி பிஎம்ஜி சில சிடிக்களில் எக்ஸ்சிபி என்ற மென்பொருளை வைத்து விற்றது. விண்டோஸ் கணினியில் சிடியைப் போட்டால் அது உள்ளே நிறுவிக்கொண்டு, தன்னையும் மறைத்து, '$' குறிகளோடு தொடங்கும் ஒரு முன்னொட்டு உடைய எல்லாக் கோப்புகளையும் மறைத்தது. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அந்த அக்டோபர் கடைசி நாளில் இதைக் கண்டுபிடித்து எழுதினார். அந்த மறைவிடத்தில் வைரஸ்களும் வந்து ஒளிந்துகொண்டன. நிறுவனம் சிடிக்களைத் திரும்பப் பெற்றது, வழக்குகளைச் சந்தித்தது. காசு கொடுத்துச் சிடி வாங்கியவரின் கணினி கெட்டது. திருட்டாக இறக்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிட மென்மையானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை மீறலாகக் கொள்வதில்லை. பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவு 2012-இல் சேர்ந்தது; அதிலும் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில், விலக்குப் பெற்ற சில காரணங்கள் தவிர, உடைத்ததே குற்றம்.

வேலை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பழைய மடிக்கணினியில் சிடியைப் போட்டதும் மென்பொருள் பாட்டுப் பெயர்களைத் தேடிக் கொண்டுவருகிறது. தமிழ்ச் சிடியில்தான் கூத்து. இரண்டு படம் ஒரே தட்டில் இருக்கும், மொத்தமும் முதல் படத்தின் பெயரில் வரும். ஒரே பாடகரின் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக வரும். ஒரு சிடிக்குப் பெயர்களைத் திருத்த ஆகும் நேரம், பாட்டை ஏற்ற ஆகும் நேரத்தைவிட அதிகம்.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒரு கதை உண்டு. சிடியில் பாட்டின் பெயர் பொதுவாக இருக்காது, நீளம் மட்டுமே இருக்கும். தொண்ணூறுகளில் உலகெங்கும் சாதாரண ரசிகர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து சிடிடிபி என்ற பொதுத் தரவுத்தளத்தை வளர்த்தார்கள். 1998-இல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பிறகு கிரேஸ்நோட் ஆனது. உரிமம் வாங்காத மென்பொருள்களுக்குக் கதவடைத்தது. 2008-இல் சோனி அதை வாங்கியது. கூலியில்லாமல் தட்டச்சு செய்தவர்களின் உழைப்பு அப்படியே கைமாறியது. அந்தக் கோபத்தில் பிறந்தவை இரண்டு: ஃப்ரீடிபி, மியூசிக்பிரைன்ஸ். ஃப்ரீடிபி 2020-இல் மூடியது, ஆனால் தரவு யாரும் எடுத்துப் பகிரலாம் என்னும் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் வேறு சிலர் அப்படியே எடுத்து நடத்துகிறார்கள். மியூசிக்பிரைன்ஸின் அடிப்படைத் தரவு பொதுச் சொத்து. எந்த நிறுவனமும் வாங்கிப் பூட்ட முடியாது. சித்தப்பாவின் சிடிக்களுக்கு நான் திருத்திய பெயர்களை அங்கேதான் ஏற்றுகிறேன்.

நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சரிகம 2017-இல் கொண்டுவந்த கார்வான் பெட்டியில் 5,000 பாட்டுகள் நிரப்பியே வருகின்றன, தமிழுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. இணையம் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம். பாட்டை வெளியே எடுக்க முடியாது. அதே சமயம் வெளியிலிருந்து யாரும் அதைப் பிடுங்கவும் முடியாது. நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் முடிய வேண்டும் என்னும் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். எழுபத்தைந்து வயதில் ஒரு திருகைத் திருகினால் பாட்டு வர வேண்டும் என்று நினைப்பவருக்கு இதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா மறுத்ததற்குக் காரணம் வேறு: "5,000-த்தில் என் 500 இருக்கிறதா என்று யார் பார்ப்பது?"

பாட்டுக்கு அப்பால் பெட்டி

இனி விட்ட இடம். ஜாப்ஸ் பாட்டின் பூட்டுக்கு எதிராக மடல் எழுதியது 2007 பிப்ரவரி. ஐபோனை அறிமுகப்படுத்தியது அதற்கு முந்தைய மாதம். பாட்டின் பூட்டு முழுவதும் கழன்றது 2009-இல். இடையே 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. அந்தக் கைபேசியில் எந்த மென்பொருள் ஓடலாம் என்று நிறுவனமே தீர்மானிக்கும் வாசல் அது. பாட்டைத் திறந்துவிட்ட அதே ஈராண்டில் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள்.

விஎல்சி இதில் அகப்பட்டுக்கொண்டது. எதையும் பாடவைக்கும் அந்தக் கட்டற்ற மென்பொருள் ஆப் ஸ்டோருக்குப் போனபோது, அதை எழுதியவர்களில் ஒருவரே முறையிட்டார்: எங்கள் உரிமம் பயனருக்குத் தரும் சுதந்திரத்தை உங்கள் கடை விதிகள் பறிக்கின்றன என்று. 2011 ஜனவரியில் ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. உரிமத்தை மாற்றிய பிறகு 2013-இல்தான் திரும்பியது.

பெட்டி நம்முடையதாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பாட்டிஃபையின் 'கார் திங்' போதும். காரில் வைத்துக்கொள்ளும் சிறிய திரை, 2022-இல் ஏறத்தாழ 90 டாலர். அதே ஆண்டு உற்பத்தியை நிறுத்தினார்கள். 2024 டிசம்பர் 9 அன்று உலகில் இருந்த எல்லாக் கார் திங்கும் ஒரே நாளில் வேலை செய்வதை நிறுத்தின. பழுதாகவில்லை, நிறுத்தப்பட்டன. மே மாதம் அறிவிப்பு வந்ததும் கோபம் கிளம்ப, ரசீது வைத்திருப்பவர்களுக்குப் பணம் திரும்பத் தர ஒப்புக்கொண்டார்கள். சந்தா பாக்கியில்லாமல் கட்டியவர்களிடமும் அந்தத் திரை குப்பைதான். சோனோஸ் ஒலிபெருக்கிகளின் செயலி 2024 மே மாதம் புதுப்பிக்கப்பட்டபோது பல வசதிகள் காணாமல் போயின. பழைய செயலிக்குத் திரும்ப வழியில்லை. அந்த வீடுகளில் எத்தனையோ பேரிடம் சொந்த ஃப்ளாக் கோப்புகள் இருந்திருக்கும்.

எம்பி (இது மெகாபைட் இல்லை, வீட்டுக்குள் பாட்டும் படமும் பரிமாறும் ஒரு மென்பொருளின் பெயர்) 2018 டிசம்பரில் மூலநிரலை (மென்பொருளை எழுதிய வரிகளை) எல்லாரும் பார்க்கத் திறந்து வைப்பதை நிறுத்தியது. அதற்கு முன்பே வெளியே இருந்த நிரலை எடுத்து, சில பயனர்கள் அதே மாதம் ஜெல்லிஃபின் என்று தனியாகப் பிரிந்தார்கள். இன்று வரை அது இலவசமாகவும் திறந்தும் இருக்கிறது. கார் திங்கும் சோனோஸும் எம்பியும் மூன்றுமே நிறுவனத்தின் முடிவுகள். மூன்றாவதில் மட்டும் பயனர்களால் ஏதோ செய்ய முடிந்தது, காரணம் உரிமத்தில் இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு என்ற திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் ஓர் அச்சுப்பொறிக் கதை சொல்வார்கள்: எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டே இருந்தது, நிரலைத் திருத்தினால் தாள் சிக்கியதும் பயனருக்குச் செய்தி போகச் செய்யலாம், நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். சித்தப்பாவின் பிளேயருக்கு லென்ஸ் வராததும் அந்தத் தாள் சிக்கலின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

முடிவு செய்தது

ஆகவே இப்படிச் செய்தோம். என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் ஜெல்லிஃபினும் போட்டு அலமாரி மேல் வைத்தாயிற்று. சிடிக்களை ஃப்ளாக்காக ஏற்றுகிறேன். இதுவரை 131 முடிந்திருக்கின்றன, இரண்டில் கீறலால் கடைசிப் பாட்டு வரவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி, ஒன்று என் வீட்டில். இதற்கு ஆன செலவு டிஸ்க்கோடு சேர்த்து 7,000 ரூபாய்க்குச் சற்று மேல். சந்தாக் கணக்கில் நாலு வருஷம். டிஸ்க் செத்தால், மின்னல் அடித்தால், நான் பிரதி எடுக்க மறந்தால் திட்டுவதற்கு எந்த நிறுவனமும் இல்லை. சித்தப்பா என்னைத்தான் திட்டுவார். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவருக்கும், வீட்டில் உதவ ஆளில்லாதவருக்கும் நான் கார்வானையே சொல்வேன். அலமாரியில் சிடியே இல்லாமல் புதிதாகக் கேட்கத் தொடங்கும் இருபது வயதுக்காரருக்குச் சந்தா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இல்லாமல் முடியாது என்று தோன்றும் பாட்டுகளைப் பூட்டில்லாத கோப்பாகவோ சிடியாகவோ வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பட்டியலைத் தாளில் எழுதி வைத்தாலும் தப்பில்லை. சித்தப்பா பேத்தியின் கைபேசியில் சந்தா இருக்கிறது. புதுப்பாட்டு கேட்க அவளிடம் போகிறார். பிடித்துவிட்டால் என்னிடம் பட்டியல் வருகிறது.

பூட்டிய கோப்பாக எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்குவதில்லை.

பாக்கி இருப்பது கேசட். அது நேரத்தை விழுங்குகிறது. 60 நிமிட நாடாவை ஏற்ற 60 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. போன வாரம் திருச்சி வானொலியிலிருந்து அவர் பதிந்த ஒரு கச்சேரியை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நிரவலின் நடுவில் பாடகரின் குரல் திடீரென்று மேலே ஏறி, கீச்சிட்டு, நின்றுவிட்டது. பதிந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிருக்கிறது. மோட்டார் வேகம் குறையக் குறையப் பதிந்தது, இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது உச்சிக்குப் போகிறது. பிறகு வேறொரு பாட்டின் நடுவிலிருந்து தொடர்கிறது. கீச்சிடும் அந்த ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து, வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"விடு. அன்றைக்குத்தான் உன் தம்பி பிறந்தான். விளக்கு இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்" என்றார்.

கோப்பின் பெயரில் தேதியைப் போட்டேன்.